காஞ்சனை: நம்பத்தகாத கதைசொல்லியின் பயம்

காஞ்சனை, புதுமைப்பித்தன் எழுதிய சிறுகதை. 1943-இல் கலைமகள் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு வெளியான அவருடைய கதைத் தொகுப்புக்கும் இதுவே தலைப்பு. தமிழில் பேய்க்கதை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் கதைகளுள் ஒன்று. ஆனால் கதையில் பேய் வந்ததா என்று கேட்டால் வந்தது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. நடந்ததை நமக்குச் சொல்பவர் ஒரே ஒருவர். அவர் பயந்துபோயிருக்கிறார். பொய் சொல்வதே தம் பிழைப்பு என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டும் விடுகிறார்.

(2011-இல் வந்த 'காஞ்சனா' திரைப்படத்துக்கும் இக்கதைக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை. இணையத்தில் தேடும் மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.)

ஆசிரியர்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை தாசில்தார். குடும்பத்தின் சொந்த ஊர் திருநெல்வேலி. நெல்லை இந்துக் கல்லூரியில் படித்து 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் சென்னைக்குச் சென்று பத்திரிகைகளில் பணியாற்றினார். காசநோயால் 1948-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் தூத்துக்குடியும் முத்துக்குளித்துறையும் திருநெல்வேலி மாவட்டத்தையே சேர்ந்திருந்தன. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். ஆகவே நெல்லைச் சீமையின் பேய், பிசாசு, சுடலைமாடன், இசக்கி பற்றிய கதைகள் இந்தக் கடற்கரை வரை ஒரே பொதுச்சொத்து. காஞ்சனையைப் படிக்க அந்தச் சொத்து உதவும்.

கதை

கதைசொல்லி ஓர் எழுத்தாளர். ஓர் இரவு காரணமில்லாமல் தூக்கம் வரவில்லை. மனத்தில் பெரிய கவலையும் இல்லை, பெரிய மகிழ்ச்சியும் இல்லை. பக்கத்தில் மனைவி தூங்குகிறாள். அந்த இருட்டில் எங்கிருந்தோ ஒரு நாற்றம் வருகிறது. வந்தது போலவே மறைகிறது. பிறகு ஒரு பகலில் வீட்டு வாசலுக்கு ஒரு பிச்சைக்காரி வருகிறாள். மனைவிக்கு அவளைப் பிடித்துப்போகிறது. வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பெயர் காஞ்சனை என்கிறாள் வந்தவள். கதைசொல்லிக்கு அவளைப் பார்த்த நேரம் முதலே உடம்பு கூசுகிறது. அவள் கால் தரையில் பாவவில்லையோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. மறுபடி பார்த்தால் எல்லோரையும் போலத்தான் நடக்கிறாள். இரவுகள் கனத்துக்கொண்டே போகின்றன. ஒரு நள்ளிரவில் மனைவியின் கழுத்தில் ஒரு துளி இரத்தத்தைக் காண்கிறார். பின்னர் இரவில் யாரோ ஒருவர் அவரிடம் விபூதி கொடுத்து, மனைவியின் நெற்றியில் இடச் சொல்கிறார். அவர் முழு மனதில்லாமல் இடுகிறார். அது வெறும் விபூதிதானா என்ற சந்தேகத்தோடு கதை நின்றுவிடுகிறது.

சம்பவங்கள் இவ்வளவுதான். இரவில் ஒரு வாசனை, பகலில் ஒரு வேலைக்காரி, கடைசியில் ஒரு சிட்டிகைத் திருநீறு. கொலை இல்லை, பிணம் இல்லை, பேயோட்டும் காட்சி இல்லை.

சொல்பவரை எங்கே நம்பலாம்?

'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற கருத்தை 1961-இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் தம் நூலில் பெயரிட்டு விளக்கினார். கதையைச் சொல்லும் பாத்திரத்தின் பேச்சும் கதை முழுவதிலிருந்து நமக்குக் கிடைக்கும் உண்மையும் ஒத்துப்போகாதபோது அந்தப் பாத்திரம் நம்பத்தகாதது ஆகிறது. பொய்யராக இருக்கவேண்டும் என்பதில்லை. சிறுபிள்ளையாக, நோயாளியாக, கர்வியாக, பயந்தவராக இருந்தாலும் போதும். பெயர் 1961-இல் வந்ததே தவிர, பழக்கம் மிகப் பழையது.

இதற்கு உலகெங்கும் காட்டப்படும் உதாரணம் எட்கர் ஆலன் போ 1843 ஜனவரியில் வெளியிட்ட 'காட்டிக்கொடுத்த இதயம்' என்னும் பொருள்படும் கதை. காஞ்சனைக்குச் சரியாக நூறு ஆண்டு மூத்தது. அதன் கதைசொல்லி ஒரு கிழவரைக் கொன்றவன். கிழவரின் படலம் படர்ந்த நீலக் கண்ணை அவனால் பொறுக்க முடியவில்லை. ஏழு இரவுகள் விளக்கோடு போய் எட்டிப் பார்த்து, எட்டாம் இரவு கொன்று, உடலைத் துண்டாக்கித் தரைப்பலகைக்கு அடியில் மறைக்கிறான். போலீசார் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது தரைக்கு அடியிலிருந்து இதயம் துடிக்கும் ஓசை அவனுக்கு மட்டும் கேட்கிறது. தாங்கமுடியாமல் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறான். கதை முழுவதும் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது, தனக்குப் பைத்தியம் இல்லை என்பதுதான். எவ்வளவு நிதானமாகத் திட்டமிட்டேன் பாருங்கள் என்று நிரூபிக்க நிரூபிக்க, அவன் சித்தம் கலங்கியவன் என்பது வாசகருக்கு உறுதியாகிக்கொண்டே வருகிறது.

காஞ்சனை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. கதை எழுதுவது பலரும் ஏற்றுக்கொண்ட ஒருவகைப் பொய் என்றும், படைப்புக் கடவுளை நகல் செய்யும் பரம்பரையில் தாம் கடைசிப் பிள்ளை என்றும் கதைசொல்லி கேலியாகப் பேசுகிறார். 'நான் பொய்யன்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவரை நாம் சந்தேகப்படுவதில்லை. அவர்மேல் ஒரு நட்பு வந்துவிடுகிறது. போவின் கொலைகாரன் நம்மை நம்பவைக்கப் பாடுபட்டுத் தோற்கிறான். புதுமைப்பித்தனின் எழுத்தாளர் நம்பாதே என்று சொல்லியே நம்பவைக்கிறார். புதுமைப்பித்தனின் நகைச்சுவை இக்கதையில் செய்யும் வேலை இதுதான். அதை வெறும் அலங்காரமாகக் கடந்துபோகும் வாசகர் பாதிக் கதையை இழக்கிறார்.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. போவின் கதையில் பிணம் உண்மை, இதயத் துடிப்பு பிரமை. இரண்டையும் வாசகர் பிரித்துவிட முடியும். காஞ்சனையில் அப்படிப் பிரிக்கும் கோடு இல்லை. பல்கேரியாவில் பிறந்த பிரெஞ்சுத் திறனாய்வாளர் தொதரோவ் 1970-இல் எழுதிய நூல் இத்தகைய கதைகளை ஆராய்கிறது. இயற்கையான விளக்கமா, இயற்கையை மீறியதா என்று வாசகர் தயங்கி நிற்கும் அந்த இடைநிலையையே அவர் இவ்வகைக் கதையின் உயிர் என்கிறார். தயக்கம் தீர்ந்த கணத்தில் கதை வேறு வகைக்குப் போய்விடும். காஞ்சனை கடைசி வரிவரை தயங்குகிறது.

வகுப்பறையில் இக்கதையை நடத்தும்போது ஒரு எளிய பயிற்சி உதவும். கதையில் மனைவியும் அறிந்தவை எவை, கதைசொல்லி மட்டும் அறிந்தவை எவை என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கலாம். ஒரு பெண் வந்தாள், அவள் பெயர் காஞ்சனை, வீட்டில் வேலை செய்கிறாள் என்பவை முதல் பத்தியில் வரும். அவை எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. பாவாத கால், நடுநிசிப் பயம், விபூதி கொடுத்தவர் ஆகியவை இரண்டாம் பத்தியில் வரும். அச்சம் தரும் ஒவ்வொன்றும் ஒரே சாட்சியின் மூலம்தான் வருகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சாட்சியும் தூக்கம் கெட்டவர். தாம் கண்டதைத் தாமே அடுத்த நொடியில் பிரமையோ என்று கேட்டுக்கொள்பவர். இவ்வளவையும் எழுதிப் பார்த்த பிறகும் கதையைப் படிக்கும்போது பயம் குறைவதில்லை என்பது வேறு விஷயம்.

நீலியின் வழக்கும் காஞ்சனையின் வழக்கும்

நம்பத்தகாத சாட்சி என்பதற்குத் தமிழர் மேல்நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. 'நீலிக் கண்ணீர்' என்ற தொடரை அறியாதவர் இல்லை. அதன் பின்னால் உள்ள பழையனூர் நீலி கதை, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படுவது. தென்மாவட்டங்களில் இசக்கியம்மன் கதையோடு சேர்ந்து வில்லுப்பாட்டில் பாடப்படுவது.

முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க நீலி பேயாகத் திரிகிறாள். அவன் இப்பிறவியில் வணிகனாக வருகிறான். காப்புக்காகக் கையில் மந்திர வாள் வைத்திருக்கிறான். நீலி அவன் மனைவி உருவெடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் சபையில் முறையிடுகிறாள்: கணவன் தன்னைக் கைவிட்டான் என்று. வணிகன் அலறுகிறான்: இவள் மனைவி அல்ல, பேய் என்று. சபையார் அழும் பெண்ணையும் குழந்தையையும் பார்க்கிறார்கள். வெறி பிடித்தவன்போல் பேசும் ஆணையும் பார்க்கிறார்கள். நியாயமான முடிவுக்கே வருகிறார்கள். வாளை எங்களிடம் கொடுத்துவிட்டு மனைவியோடு தங்கு, உன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். சபையார் எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதிந்திருக்கும்: 'இவள் பேய்' என்று பயந்தவன் சொன்னால் நம்பிவிடு, நம்பாவிட்டால் உயிர் போகும். காஞ்சனையின் வாசகரும் பழையனூர் சபையில் உட்கார்ந்திருப்பவர்தான். பயந்த ஆண் ஒருவர் முன்னால் நின்று சொல்கிறார். ஆனால் இங்கே எதிர்த்தரப்பு வாய் திறப்பதே இல்லை. காஞ்சனைக்குச் சபையில் இடம் தரப்படவில்லை. அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவளைக் கண்டு பயப்படுபவர் சொல்லி அறிவதே.

அவர் சொல்வதை நம்பினால் ஒரு வீட்டில் இரத்தம் குடிக்கும் பேய் புகுந்திருக்கிறது. நம்பாத மனைவியின் உயிருக்கு ஆபத்து. நம்பாவிட்டால், சோற்றுக்கு வழியில்லாமல் வந்து வேலை கேட்ட ஒரு பெண்ணை, தூக்கம் கெட்ட வீட்டுக்காரர் தம் மனத்துக்குள் பேயாக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில்தான் மனைவி இரவில் கண்ணயர்கிறாள். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் தீர்ப்பு தவறானால் ஒரு பெண் பாதிக்கப்படுவாள். இக்கதையைப் 'பேய் உண்டா இல்லையா' என்ற பட்டிமன்றத் தலைப்பாகச் சுருக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது வாசிப்புக்கு வலுவூட்டும் சான்று, புதுமைப்பித்தனின் மற்றக் கதைகளில் உண்டு. 'பொன்னகரம்' கதையின் அம்மாளு, 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி, 'மகாமசான'த்தில் சென்னை நடைபாதையில் ஊர் பார்க்கச் சாகும் பிச்சைக்காரர் என, வறியவர்கள் அவர் எழுத்தில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தும் பாராமல் போகும் நடுத்தர வர்க்கத்தின் கண்ணை அவர் அறிந்தவர். வாசலில் நிற்கும் பிச்சைக்காரியைக் கண்டதும் கால் தரையில் படுகிறதா என்று பார்க்கும் கண், அந்த வகுப்பாரின் கண்தான். இப்படிப் படிப்பதாலேயே பேய் இல்லை என்று முடிவாகிவிடாது. இரத்தத் துளி அப்போதும் கழுத்தில் இருக்கிறது.

நம்பாதவரின் காப்பு

கதையின் கடைசியில் கதைசொல்லி செய்யும் காரியம் பலரைக் குழப்புகிறது. நம்பிக்கை இல்லாதவர் ஏன் விபூதியை இடுகிறார்? பைத்தியம் முற்றியதன் அடையாளமா? முத்துக்குளித்துறையின் வரலாறு இதற்கு ஒரு நல்ல விளக்கம் தருகிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி எடுக்கக் கடலடிக்குச் சென்றவர்கள் கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி இறங்கினார்கள். கடலடியில் பெரும் பயம் சுறா. இதற்காகக் கரையில் 'கடல்கட்டி' எனப்பட்ட மந்திரக்காரர் இருப்பார். அவர் சுறாவின் வாயைக் கட்டுவார் என்பது நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குத் தரப்பட்டது என்கிறார். கட்டு பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். யாரும் திருட்டுத்தனமாக இறங்கக்கூடாது அல்லவா!

பின்னாளில் பரதவர் பெரும்பாலும் கத்தோலிக்கராயினர். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தார். ஆனாலும் கடல்கட்டியின் தேவை போய்விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் ஆங்கில அரசே கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்தது. அரசு மந்திரத்தை நம்பியதா என்றால் இல்லை. கடல்கட்டி இல்லாமல் ஆள் இறங்கமாட்டார், ஆள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழிலே நின்றது.

நம்பிக்கை வேறு, பயம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மந்திரத்தை நம்பாதவருக்கும் சுறாவின் பல் பல்தான். காப்பு வேண்டும் என்று கேட்பது அறிவு அல்ல, உடம்பு. காஞ்சனையின் கதைசொல்லி படித்தவர், கேலி பேசுபவர், கடவுளையே தம் தொழிலின் போட்டியாளர்போல் பேசுபவர். அவர் கையில் விபூதி வந்தபோது எறியவும் முடியவில்லை, நம்பி இடவும் முடியவில்லை. அந்த அரைமனத்தைப் பைத்தியம் என்று எழுதும் விடைத்தாள்கள் அவசரப்படுகின்றன. நள்ளிரவில் கதவுத் தாழ்ப்பாளை இரண்டாம் முறை எழுந்துபோய்ச் சரிபார்த்த எவருக்கும் அது தெரிந்த மனநிலைதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடல்கட்டி, இறங்குபவர் கேட்டு வந்தவர். இங்கே விபூதியை ஏற்கும் நெற்றி தூங்கிக்கொண்டிருக்கிறது. பயம் கணவருக்கு, காப்பு மனைவிக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. பழையனூரில் வாளை வாங்கிக்கொண்ட சபையார்கூட வணிகனிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள்.

தொடர்புடைய கதைகள்

புதுமைப்பித்தன் வேறு பேய்க்கதைகளும் எழுதினார். 'செவ்வாய் தோஷம்' கிராமத்துப் பின்னணியில் இரத்தக்காட்டேரியைப் பற்றியது. அச்சம் உண்டு, ஆனால் காஞ்சனையின் தயக்கம் இல்லை. 'பிரம்ம ராக்ஷஸ்' மந்திர உலகில் நிகழ்வது. 'வேதாளம் சொன்ன கதை'யில் பேய் சிரிப்பு மூட்டுகிறது. மேரி ஷெல்லியின் புகழ்பெற்ற 'பிராங்கென்ஸ்டைன்' நாவலையும் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழில் தந்தார்.

'கபாடபுரம்' தனியே குறிப்பிடத்தக்கது. கடல்கொண்ட பாண்டிய நகரைத் தேடிச் செல்லும் மாயக்கதை இது. இதுவும் தன்மைக் கூற்றில் சொல்லப்படுவது. பாண்டியர் கபாடபுரத்தின் பெயர் முத்தோடு சேர்ந்தே பழைய நூல்களில் வருகிறது. அர்த்தசாஸ்திரத்தின் முத்து வகைகளில் 'பாண்டிய கவாடகம்' என்று ஒன்று உண்டு. கொற்கைக் கரையில் வாழும் வாசகர்கள் காஞ்சனைக்கு அடுத்து இதைப் படிக்கலாம். அங்கே கதைசொல்லி காண்பவை காஞ்சனையில் இருப்பதைவிடப் பலமடங்கு பெரிய அதிசயங்கள். இருந்தும் பயம் குறைவு. பழைய பாண்டிய நகரில் நேரும் மாயத்தைவிட, சொந்த வீட்டுக் கூடத்தில் வரும் ஒரு வாசனை ஆளை அதிகம் உலுக்குகிறது.

கதை கிடைக்குமிடம்

புதுமைப்பித்தனின் படைப்புகளைத் தமிழக அரசு 2002-இல் நாட்டுடைமையாக்கியது. எனவே காஞ்சனை இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. பாடவேறுபாடுகளோடு ஒழுங்குசெய்யப்பட்ட பதிப்பு வேண்டுவோர், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு பதிப்பகம் 2000-இல் வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' தொகுப்பைப் பார்க்கலாம். முதல்முறை படிப்பவர்கள் முன்னுரைகளையும் இதுபோன்ற கட்டுரைகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இரவில், ஒரே மூச்சில் படிப்பது நல்லது. இரண்டாம் முறை பகலில் படிக்கும்போது மனைவி பேசும் இடங்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.